மீன் குளத்துத் தண்ணீரைக் கிருமி நீக்கம் செய்வது எப்படி? பிளீச்சிங் பவுடர் முதல் குஞ்சு விடுவது வரை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி நம் குளத்து மதகுக்கு வருவதற்குள், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடை, வயலில் கழுவிய மருந்து, களை மீன்களின் (நாம் வளர்க்காத, வேண்டாத மீன்களின்) முட்டை, நோயுற்ற மீன் கிடந்த குட்டைகளின் கழிவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. அதை அப்படியே குளத்தில் ஏற்றிக் குஞ்சு விட்டால் குஞ்சோடு நோயையும் சேர்த்து விட்டதாகத்தான் அர்த்தம். ஆகவே குஞ்சு விடும் முன் தண்ணீரைக் கிருமி நீக்கம் செய்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் நன்னீர்க் குளத்தையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். உவர்நீர் இறால் குளத்தில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரைக் குளத்தில் எத்தனை மூட்டை கொட்டினோம் என்பது கிருமிக்குத் தெரியாது. கொட்டியதில் எவ்வளவு குளோரின் சேற்றுக்கும் பாசிக்கும் செலவாகாமல் தண்ணீரில் மிஞ்சியது, எவ்வளவு நேரம் மிஞ்சியது என்பதுதான் கணக்கு. “ஏக்கருக்கு இத்தனை மூட்டை” என்ற வாய்க்கணக்கு பொய்த்துப்போவது இதனால்தான். 1 ஏக்கர் குளத்தில் சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் உள்ளே ஏறக்குறைய 48.5 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் 25 கிலோ மூட்டை ஒன்றைக் கரைத்தால் கிடைக்கும் குளோரின் 1.5 பிபிஎம் (ஒரு கன மீட்டர் நீருக்கு 1.5 கிராம்) அளவுதான். சேறு கலங்கிய குளத்தில் அது சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

ஆழ்துளைக் கிணற்று நீரில் பொதுவாக மீன் நோய்க் கிருமிகளோ களை மீன்களோ இருப்பதில்லை. அதற்குக் குளோரின் போடுவது வீண் செலவு. அந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் இரும்பு கூடுதலாகவும் இருக்கலாம் என்பதால், உயரத்திலிருந்து கொட்டவைத்து, காற்றேற்றி, ஓரிரு நாள் நிறுத்திவைத்தால் போதும். ஆறு, வாய்க்கால், ஏரி, கழிமுகம் இவற்றிலிருந்து எடுக்கும் நீருக்குத்தான் கிருமி நீக்கம் கட்டாயம்.

வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரை ஏற்றாதீர்கள். அதில் குப்பையும் உரக் கழிவும் அதிகம். சில நாள் ஓடித் தெளிந்தபின் எடுங்கள். பூச்சிக்கொல்லி கலந்த நீரைக் குளோரின் சரி செய்யாது என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து வயலில் மருந்தடிக்கும் வாரத்தில் மதகு மூடியே இருக்கட்டும்.

குளத்தடியைக் காயவைப்பது

கிருமி நீக்கம் தண்ணீரில் தொடங்குவதில்லை, சேற்றில் தொடங்குகிறது. அடியில் கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு கிடக்கும் சேறு, போடுகிற குளோரினில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அறுவடை முடிந்ததும் நீரை முழுவதும் வடித்து, கறுப்புச் சேற்றை வழித்துக் கரைக்கு வெளியே போடுங்கள். கரைமேல் போட்டால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். பிறகு கால் புதையாமல் நடக்க வரும்வரை, 5 செ.மீ. ஆழத்துக்கு வெடிப்பு விடும்வரை வெயிலில் காயவிடுங்கள். வடியாமல் குட்டையாகத் தேங்கும் பள்ளங்களில் விராலும் கெளுத்தியும் ஒளிந்திருக்கும். அவற்றை வாளியால் இறைத்துக் காலியாக்குங்கள், அல்லது அந்தப் பள்ளத்தில் மட்டும் பிளீச்சிங் பவுடரைத் தூவுங்கள்.

சுண்ணாம்பில்தான் பலர் தவறுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச் அளவை (அமில-காரத் தன்மையின் அளவு) 10-க்கு மேலும் ஏற்றும். அந்த நிலையில் குளோரின் ஏறக்குறைய செயலற்றுப் போகும். ஆகவே சுட்ட சுண்ணாம்பு போடுவதென்றால் சேறு ஈரமாக இருக்கும்போதே போட்டு, இரண்டு வாரம் காற்றில் கிடக்க விடுங்கள். அது மெல்ல மெல்லச் சாதாரண சுண்ணக்கல்லாக மாறி வீரியம் இழக்கும். தண்ணீர் ஏற்றிய பின் சுண்ணாம்பு போட்டு, மறுநாள் பிளீச்சிங் போடுவது இரண்டு மருந்தையும் வீணாக்கும் வழி.

தண்ணீர் ஏற்றுவது, வடிகட்டுவது

மோட்டார் குழாயின் வாயில் 60 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 60 கண்) நைலான் துணியில் தைத்த நீண்ட பையைக் கட்டுங்கள். அதன் மேல் இன்னொரு பை 80 மெஷில் இருந்தால் நல்லது. பை குட்டையாக இருந்தால் நீரின் வேகம் தாங்காமல் கிழியும், மூன்று மீட்டராவது நீளம் வேண்டும். தையல் ஓரம்தான் முதலில் விடும். ஏற்றும் நேரமெல்லாம் ஒருவர் அருகில் இருந்து, பையை அவ்வப்போது அவிழ்த்துக் குப்பையைக் கொட்டிக் கழுவ வேண்டும். கொட்டும் இடம் குளத்துக்கு வெளியே இருக்கட்டும். இந்தப் பை வைரஸையோ பாக்டீரியாவையோ தடுக்காது. அவற்றைச் சுமந்து வரும் களை மீன், சிறு நண்டு, காட்டு இறால், நத்தை இவற்றைத் தடுக்கும். இறால் குளத்தில் இந்த வேலை இன்னும் முக்கியம். 1994 முதல் இந்தியக் கடலோரப் பண்ணைகளை வாட்டிவரும் வெண்புள்ளி வைரஸ் தண்ணீரில் தனியாக மிதந்து வருவதைவிட, நண்டு போன்ற ஓடுடைய உயிர்களின் உடலில் ஏறித்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறது.

ஏற்றி முடிந்ததும் இரண்டு மூன்று நாள் அசையாமல் விடுங்கள். மண் படியும், பையைத் தாண்டி வந்த முட்டைகள் பொரியும். முட்டை மருந்தைத் தாங்கும், பொரித்த குஞ்சு தாங்காது. ஆனால் இந்தக் காத்திருப்பு வாரக்கணக்கில் நீளக் கூடாது. தண்ணீர் பச்சை பிடித்துவிட்டால் பாசி குளோரினைத் தின்னும், மாலையில் பிஎச் அளவையும் 9-க்கு ஏற்றும்.

கொள்ளளவுக் கணக்கு

நீளத்தையும் அகலத்தையும் நாடாவால் அளங்கள். ஆழத்தைக் கண் மதிப்பில் சொல்லாதீர்கள். அளவு குறித்த மூங்கில் கழியோடு இறங்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடங்களிலாவது ஊன்றிப் பார்த்துச் சராசரி எடுங்கள். 1.2 மீட்டர் குளத்தை 0.9 என்று எழுதிவிட்டால் மருந்து கால் பங்கு குறைந்துபோகும்.

50 சென்ட் குளம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 50 × 40.47 × 1.2 = 2,428 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1 கிராம் என்பதே 1 பிபிஎம். ஆக இந்தக் குளத்தில் 1 பிபிஎம் என்றால் 2.43 கிலோ. நீர் முழுவதும் வடியாத நன்னீர்க் குளங்களில் களை மீனை ஒழிக்க எக்டேர்-மீட்டருக்கு (1 எக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழ நீருக்கு) 350 கிலோ, அதாவது 35 பிபிஎம் பிளீச்சிங் பவுடர் பரிந்துரைக்கப்படுகிறது. 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடரானால் இது சுமார் 10 பிபிஎம் குளோரின். நம் குளத்துக்கு 85 கிலோ ஆகிறது. இறால் பண்ணைகளில் தண்ணீர் சேமிக்கும் குட்டைக்கு 60 பிபிஎம் பவுடர் என்பது நடைமுறை. இதே கொள்ளளவுக்கு 146 கிலோ.

பவுடரையும் தண்ணீரையும் சோதிப்பது

இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டு மேலே போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு மணி நேர வேலை, ஆனால் பல ஆயிரம் ரூபாய் மருந்து வீணாவதைத் தடுக்கும்.

மூட்டையில் 30 முதல் 35 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது பொட்டலம் கட்டிய நாளின் கணக்கு. வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பவுடர் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். நல்ல பவுடர் வெள்ளையாக, உலர்ந்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருக்கும். கட்டி கட்டியாக, ஈரப் பசையோடு, நெடி மங்கி இருந்தால் சந்தேகப்படுங்கள். மூட்டையின் நடுவிலிருந்து 10 கிராம் எடுத்து, 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் கலக்குங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை எடுங்கள். இதுதான் மூலக் கரைசல். இதில் 1 மி.லி. எடுத்து இன்னொரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள். 3 பிபிஎம் காட்டினால் பவுடர் 30 சதவீதம். 2 காட்டினால் 20 சதவீதம்தான், 85 கிலோ போடவேண்டிய இடத்தில் 128 கிலோ தேவைப்படும். அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுப்பது நல்லது.

இனி தண்ணீரின் பசியை, அதாவது அது எவ்வளவு குளோரினை விழுங்கும் என்பதை அளக்க வேண்டும். ஐந்து பிளாஸ்டிக் வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் குளத்து நீர் எடுங்கள். அதே மூலக் கரைசலை வரிசையாக 20, 30, 40, 50, 60 மி.லி. ஊற்றுங்கள். பத்து லிட்டர் வாளியில் 1 மி.லி. என்பது குளத்தில் 1 பிபிஎம் பவுடருக்குச் சமம். கலக்கி, வெயில் படாமல் மூடி வைத்து, 12 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். எந்த வாளியில் குளோரின் நிறம் இன்னும் தெளிவாகத் தெரிகிறதோ, அவற்றில் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் குளத்தின் அளவு. 30 மி.லி. வாளியில் நிறம் வராமல் 40-இல் வந்தால் 40 பிபிஎம். 20 மி.லி. வாளியிலேயே நிறம் நின்றாலும் 35-க்குக் கீழே இறங்காதீர்கள், களை மீன் தப்பிவிடும். 60-இலும் மிஞ்சவில்லை என்றால் தண்ணீர் மிகவும் அசுத்தம். மருந்தைக் கூட்டுவதைவிட அந்த நீரை விட்டுவிட்டு வேறு நீர் ஏற்றுவதே மலிவு.

குளோரின் சோதனைப் பெட்டியில் இரண்டு வகை உண்டு. ஓடிஓ சொட்டு மருந்து மஞ்சள் நிறம் காட்டும். சொட்டு விட்ட சில நொடிகளுக்குள் வரும் மஞ்சள்தான் வீரியமுள்ள குளோரின். மெல்ல மெல்லக் கூடுவது அமோனியாவோடு சேர்ந்துபோன குளோரமின், அது கிருமியைக் கொல்வதில் மிகவும் பலவீனம். டிபிடி மாத்திரை இளஞ்சிவப்பு காட்டும், இரண்டையும் பிரித்துக் காட்டுவதால் அதுவே மேல். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறமே வெளுத்து, ஒன்றும் இல்லாததுபோல் காட்டும். மருந்து போட்ட உடனே சோதிக்கும்போது, ஒரு பங்கு குளத்து நீருக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துப் பார்த்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

பிஎச் ஏன் முக்கியம்

குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். கிருமியைக் கொல்லும் வடிவம் பிஎச் 7-இல் முக்கால் பங்கு, 8-இல் கால் பங்கு, 9-இல் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதே மூட்டை, அதே குளம், ஆனால் வேலை இருபது மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். நன்னீர்க் குளத்தில் பிஎச் 8-க்குக் கீழே இருக்கும்போது போடுங்கள். கடல் நீரும் உவர் நீரும் கொஞ்சம் வேறு. அதிலுள்ள புரோமைடு குளோரினோடு சேர்ந்து உருவாகும் புரோமின் சேர்மம் பிஎச் 8-இலும் நன்றாக வேலை செய்யும்.

மருந்து போடும் மாலை

வெயில் சாயும் நேரத்தில் தொடங்குங்கள். வெயில் குளோரினைச் சிதைப்பதால், பகலில் போட்டதில் பாதி அன்றே போய்விடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, பிறகு பத்துப் பத்துக் கிலோவாகப் பவுடரைப் போட்டுக் கட்டையால் கலக்குங்கள். பவுடர்மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். அந்த டிரம்மில் முன்பு ஆசிட், யூரியா, பார்மலின் எது இருந்திருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும், மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

கரைசலைப் படகிலிருந்தோ கரையிலிருந்தோ எல்லாப் பக்கமும் சீராக ஊற்றுங்கள். ஏரேட்டர் (காற்றேற்றும் கருவி) இருந்தால் ஊற்றும்போதும் அதன்பின் இரண்டு மணி நேரமும் ஓட்டுங்கள். மதகுக் குழி, குழாயின் உட்பகுதி, கரையோரக் கோரைப் புல், நண்டு வளை இந்த நான்கு இடங்களும்தான் வழக்கமாக விட்டுப்போகும். கிருமி மிஞ்சுவதும் அங்கேதான். டிரம்மின் அடிமண்டியைக் கரை ஓரத்து ஈர மண்ணில் கொட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நான்கு மூலையிலும் நடுவிலும் சோதித்துப் பாருங்கள். ஒரு மூலையில் நிறம் வரவில்லையென்றால் அங்கே மருந்து போய்ச் சேரவில்லை.

களை மீன்கள் சில மணி நேரத்தில் மேலே வந்து மிதக்கும். விடிவதற்குள் இழுவலை போட்டு எடுத்து, தள்ளிப் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி அமோனியா கிளம்பும், மீதிக் குளோரினையும் கட்டிப்போடும். அந்த வாரம் மாடு, ஆடு, வாத்து எதுவும் குளத்துப் பக்கம் வரக் கூடாது. அந்த நீரை வாய்க்காலில் திறந்துவிடவும் கூடாது.

குளோரினை வெளியேற்றுவது

நல்ல வெயிலும் ஏரேட்டரும் இருந்தால் மூன்று நான்கு நாளிலும், இல்லாவிட்டால் ஏழு முதல் பத்து நாளிலும் குளோரின் தானாகத் தீரும். நாள் கணக்கை நம்பாமல் சோதனைப் பெட்டியை நம்புங்கள். 0.1 பிபிஎம் கூட மீன் குஞ்சின் செவுளை அரித்துவிடும். குளோரமின் வெயிலுக்கும் எளிதில் போகாது, ஆகவே மொத்தக் குளோரினும் பூச்சியமாக வேண்டும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் போடலாம். மிஞ்சிய குளோரின் 1 பிபிஎம்முக்கு 7 பிபிஎம் தயோசல்பேட். நம் 50 சென்ட் குளத்தில் 0.2 பிபிஎம் மிஞ்சியிருந்தால் 0.2 × 7 × 2,428 = சுமார் 3.4 கிலோ. மருந்து போட்ட மறுநாளே இதைப் போட்டு வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். கிருமி சாக வேண்டிய நேரத்தை நாமே பறித்ததாகிவிடும்.

கடைசிச் சோதனை உயிரோடு செய்வது. குளத்தில் ஒரு சிறு ஹாப்பா (வலைத்துணியில் தைத்த தொட்டி) கட்டி, 20 குஞ்சுகளை விட்டு 24 மணி நேரம் பாருங்கள். எல்லாம் துறுதுறுவென்று இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

வெறும் தண்ணீரை உயிருள்ள தண்ணீராக்குவது

குளோரின் கெட்டதை மட்டும் கொல்வதில்லை. மீனுக்கு உணவாகும் மிதவை உயிர்களும், அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து செத்திருக்கும். இந்தக் காலி இடத்தை முதலில் பிடிப்பது வேகமாகப் பெருகும் கெட்ட பாக்டீரியாக்கள்தான், இறால் குளமானால் விப்ரியோ. சுத்தமான நீர் என்று நம்பி உடனே குஞ்சு விடுபவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். குளோரின் பூச்சியமானபின் விவசாயச் சுண்ணாம்பு (சுடாத சுண்ணக்கல் தூள்) தூவி, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு அல்லது வெல்லம் சேர்த்துப் புளிக்கவைத்த தவிட்டைக் கொடுத்து மிதவை உயிரை வளர்த்தெடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நீர் இளம் பச்சையாகவோ இளம் பழுப்பாகவோ மாறும். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினால் 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைய வேண்டும். அதுதான் குஞ்சு விடும் நேரம்.

குஞ்சு வந்த பாலிதீன் பையின் நீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள். இத்தனை பாடும் அந்த ஒரு பையில் வீணாகலாம். கெண்டைக் குஞ்சுகளை 2 முதல் 3 சதவீத உப்புக் கரைசலில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து விடுங்கள். துவண்டு சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

வளர்ப்புக் காலத்தில்

மீன் உள்ளே இருக்கும்போது 10 பிபிஎம் குளோரின் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதம் ஒருமுறை 1 பிபிஎம் பவுடர் தூவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் இருக்கும் குளோரின் 0.3 பிபிஎம்தான், பாசிக்கும் சேற்றுக்குமே அது சரியாகப் போய்விடும். அந்தச் செலவில் தனியாக ஒரு சேமிப்புக் குட்டை வைத்து, அதில் கிருமி நீக்கிய நீரால் குறைந்த மட்டத்தை நிரப்புவதே உண்மையான பாதுகாப்பு என்று நினைக்கிறோம்.

மீனுள்ள குளத்தில் செவுள் அழுகல், பாக்டீரியாப் புண் கண்டால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடலாம். இதற்கும் முன்சோதனை உண்டு. 1 கிராமை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, குளத்து நீர் லிட்டருக்கு அரை, 1, 1.5, 2 மி.லி. என்று ஊற்றி 15 நிமிடம் பாருங்கள். பழுப்பாக மாறாமல் இளஞ்சிவப்பு நிற்கும் மிகக் குறைந்த அளவை 2.5 ஆல் பெருக்கினால் போடவேண்டிய பிபிஎம் கிடைக்கும். 1 மி.லி. ஊற்றிய நீரில் நிறம் நின்றால் 2.5 பிபிஎம், நம் குளத்துக்கு 6 கிலோ. காலையில் போடுங்கள், அன்றிரவு ஏரேட்டர் ஓடட்டும். பாசி சாவதால் விடியற்காலையில் ஆக்சிஜன் விழும். பார்மலினோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இந்தியாவில் 1988 முதல் பரவிய கொப்புளப் புண் நோய் குளிர் மாதங்களில், மழைக்குப் பின் தலைகாட்டும் பூஞ்சை நோய். விரால் அதிகம் பாதிக்கப்படும், திலேப்பியா தாங்கும். குளிர் தொடங்கும் முன் எக்டேருக்கு 200 கிலோ சுண்ணாம்பு போட்டு வைப்பது நல்ல தடுப்பு. புவனேஸ்வர் நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிபாக்ஸ் மருந்தை எக்டேர்-மீட்டருக்கு 1 லிட்டர் என்ற அளவில் பயன்படுத்தலாம். உண்ணும் மீனுக்கு மாலக்கைட் கிரீன் வேண்டவே வேண்டாம், அது தடை செய்யப்பட்டது.

வலை, வாளி, செருப்பு வழியாக நோய் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். முதலில் சளியும் சேறும் போகக் கழுவி, 200 பிபிஎம் குளோரினில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். 100 லிட்டருக்கு 67 கிராம் பவுடர் போதும். கழுவாமல் ஊறவைத்தால் சளியே குளோரினைத் தீர்த்துவிடும்.

நோய் வந்த குளத்தை வடிக்கும்போது

மீனோ இறாலோ கூட்டமாகச் செத்த குளத்தின் நீரை அப்படியே திறந்துவிடாதீர்கள். செத்தவற்றை அள்ளிப் புதைத்துவிட்டு, 60 பிபிஎம் பவுடர் போட்டு, மதகை மூடி ஏழு நாளாவது நிறுத்தி, குளோரின் பூச்சியமானபின் வடியுங்கள். அதே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களுக்கு, நோய் கண்ட அன்றே சொல்லி அவர்கள் மோட்டாரை நிறுத்தச் செய்யுங்கள். வடிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.